பக்கத்து நிரை

எங்கள் லயத்துக்கு, அதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே ஒரு பீலி இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக வந்து கல்லின் மேல் விழும் இடம். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலம் முழுக்க, அந்தத் தண்ணீர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பயமுறுத்துகிற குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி அரை மூடித் தேங்காய் கேட்டுக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமான குரல். நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். குடம் நிறையும், வழியும், நான் நின்றுகொண்டே இருப்பேன். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து முதலில் என் காலை மூடும், பிறகு இடுப்பை. நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு சுகம் இருந்தது. அதைச் சுகம் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது.

நான் பிறவியிலேயே கோபக்காரி. வாய் நீளம். மலையில் கங்காணி நிரை பிரிக்கும்போது, அதாவது யார் எந்த வரிசைத் தேயிலையில் கொழுந்து எடுப்பது என்று சொல்லும்போது, எனக்குச் சரிவான நிரையைத் தந்துவிட்டால் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவேன். அந்த மழைக்காலத்தில் எனக்குக் கோபமே வரவில்லை. என் வீட்டுக்காரர் அதைத்தான் முதலில் கவனித்தார். சோற்றில் உப்பில்லை என்று அவர் சொன்னதற்கு நான் ஒன்றும் பேசாமல் உப்பை எடுத்து வைத்தேனாம். அன்றைக்கே கோடாங்கியைத் தேடி ஓடினேன் என்று பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கை அடித்தார்கள். தண்ணீர் அதற்கும் மேலே பேசியது. கடைசியில் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆறு வாரம். மாத்திரை போட்ட நாட்களுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு சவுக்கு மரம் நின்றது. அது சில நாள் கிட்ட வரும், சில நாள் தூரப் போகும். நர்ஸ்மார் சிங்களத்தில் பேசினார்கள். தங்கமான பிள்ளைகள்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். அதில் வெங்காயம் வாங்கலாம், விலை குறைக்கச் சொல்லலாம். தண்ணீர் கூப்பிடுகிறது என்று சொல்ல அது போதாது.

குணமாகித் திரும்பியபோது லயத்தில் எனக்குப் பட்டப்பெயர் காத்திருந்தது. பீலிக்காரி. நேரே யாரும் சொல்லவில்லை. நேரே சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் கோபம் எனக்குத் திரும்பி வந்திருந்தது. நான் அடுப்படியில் நின்று அவரை முதல்முறை வாய்க்கு வந்தபடி திட்டிய நாளில் என் வீட்டுக்காரர் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை மாத்திரைக்காக டவுன் கிளினிக்குக்குப் போவேன். அங்கே இருந்த டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் அங்கே வாங்குப் பலகையில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எந்தத் தோட்டம் என்று கேட்டாலும் வாய் திறக்கவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் இருக்கச் சொன்னார். நான் என்ன டாக்டரா என்று கேட்டேன்.

"நீங்கள் அங்க போய்த் திரும்பி வந்தனீங்கள். எனக்கு அந்தப் பாதை தெரியாது" என்றார். "புத்தி சொல்லாதேங்கோ. சும்மா கதையுங்கோ."

எனக்குப் புத்தி சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். இருந்தாலும் போய் உட்கார்ந்தேன். பீலியைப் பற்றிச் சொன்னேன். அதுவரை வெளியாள் யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் சுவரை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மலைகளெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தன. பிறகு கிளினிக் நாளில் அந்த வாங்கு என்னுடைய இடமாகிவிட்டது. தோட்டத்திலும், யார் வீட்டிலாவது ஒருத்தி பேசாமல் உட்கார்ந்துவிட்டால், இருட்டினதும் பின்வாசல் வழியாக என்னைத் தேடி வருவார்கள். பகலில் வர மாட்டார்கள். பீலிக்காரி வந்து போன வீடு என்று ஊர் சொல்லும் அல்லவா.

அப்படித்தான் அந்தப் பிள்ளை எனக்குத் தெரிய வந்தாள். உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணம் கட்டி வந்தவள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். தலைப்பிள்ளை பிறந்த பிறகு சிரிப்பு நின்றது, பிறகு பேச்சு நின்றது, பிறகு பிள்ளை அழுதாலும் கை நீளவில்லை. அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டாள். ஆனால் மாமியார் ஒரு கெடு வைத்திருந்தாள். தீபாவளிக்குள் அவள் மலைக்குப் போய் மற்றப் பெண்களைப் போல் ஒரு முழு நாள் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது, பிள்ளை இங்கேயே இருக்கும். புருஷன் நல்லவன்தான், ஆனால் தாய்க்கு முன்னால் வாயில்லாப் பூச்சி.

நான் கங்காணியிடம் பேசி, பக்கத்து நிரையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பேசினேன் என்று சொல்லுகிறேன், அவர் சண்டை பிடித்தேன் என்று சொல்லுவார்.

அந்த நாட்கள் எனக்கு இன்னும் கனவு மாதிரித்தான் நினைவில் இருக்கின்றன. ஐப்பசி மழை. காலையில் மலைக்கு ஏறும்போது எதிரே தேயிலையும் இருக்காது, வானமும் இருக்காது. கொழுந்து ஒடிகிற சின்னச் சத்தம் மட்டும் நாலாபக்கமும் கேட்கும். என் நிரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய தலையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் தெரியும், மறையும், தெரியும். காயாத கம்பளிக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். எனக்கும் அப்படி இருந்தது என்று சொன்னேன். எப்போது சரியாகும் என்று கேட்டாள். தெரியாது, ஆனால் எனக்குச் சரியானது என்றேன். அவள் மறுபடியும் கொழுந்து எடுக்கத் தொடங்கினாள்.

ஆனால் மாத்திரை அவள் கையைப் பிடித்து இழுத்தது. மற்றவர்கள் நிரையை முடித்து இறங்கும்போது அவள் பாதியில் நிற்பாள். எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாச்சி நிரையில் பிந்திவிட்டால், பக்கத்து நிரைக்காரி கை நீட்டி அவளுடைய செடியிலும் எடுத்து, அவள் கூடையில் இரண்டு பிடி போட்டுவிட்டுப் போவாள். யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். நான் அந்த வழக்கத்தை இவளுக்குச் செய்தேன். எனக்குக் கை வேகம், அதில் தலைக்கனமும் உண்டு. இரண்டு பிடி நாலானது, நாலு பத்தானது. அவள் நிரையில் பாதியை நானே முடித்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் கூடை மற்றவர்களுக்குச் சமமாக நின்றது. கங்காணியே, பரவாயில்லையே, தேறிவிட்டாளே என்றார். மாமியார் கெடுவைப் பற்றிப் பேசுவதை விட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் மட்டும் கூடையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக என்னோடும் பேசுவதைக் குறைத்தாள். களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். கண்ணிருந்தும் குருடி என்பார்களே, அது நான்தான்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில் எனக்குக் கிளினிக் நாள் வந்தது. டிக்கோயாவில் மழைக்கு ரோட்டில் மண் சரிந்து, பஸ் நின்று, நான் தோட்டத்துக்குத் திரும்ப மாலை ஐந்தாகிவிட்டது. லயத்துக்கு ஏறும்போதே முகங்கள் சரியில்லை. பகல் நிறுவையில் அவள் கூடையில் அடி மறைகிற அளவுதான் கொழுந்து இருந்ததாம். நேற்றைய கை எங்கே போச்சு என்று கணக்கப்பிள்ளை கேட்டிருக்கிறார். பீலிக்காரி இல்லாவிட்டால் இவளுக்குக் கையே கிடையாது என்று எவளோ சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாலை நிறுவைக்கு அவள் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. மாமியார் இஸ்தோப்பில், அதான் அறைக்கு முன்னால் இருக்கிற ஒட்டுத் தாழ்வாரத்தில், அவளுடைய துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். புருஷன் ஆற்றுப் பக்கம் ஓடியிருந்தான்.

நான் நேரே பீலிக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. தண்ணீர் அதன் பாட்டுக்குத் தண்ணீராக விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது, பீலி என்னுடைய நோய், அவளுடையது இல்லை. இத்தனை நாளும் நான் அவளைப் பார்க்கவில்லை, பழைய என்னைத்தான் பக்கத்து நிரையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

அவளுடையது எது என்று யோசித்துக்கொண்டே மலைக்கு ஏறினேன். மூட்டம் இறங்கி, பாதையும் செடியும் ஒன்றாகிக் கிடந்தன. எவ்வளவு தூரம் ஏறினேன் என்று தெரியாது. ஓரிடத்தில் சத்தம் கேட்டது. கொழுந்து ஒடிகிற சத்தம். ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கிட்டப் போனால், காலையில் கங்காணி கொடுத்த அதே நிரையில், முக்கால்வாசி ஏறி, அவள் நின்றுகொண்டிருந்தாள். தலை நனைந்து, விரல் வெளுத்துப்போய், ஒவ்வொரு கொழுந்தாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் என் கை தானாக அவளுடைய செடிக்கு நீண்டது.

"கைய எடுங்கக்கா."

அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கையை எடுத்தேன்.

"நீங்க போட்ட கொழுந்தப் பாத்துப் பாத்து, எனக்குக் கையே இல்லன்னு நெனச்சிட்டேங்க்கா. இது என் நிர. நான்தான் முடிக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நில்லுங்க. போயிராதீங்க. அது போதும்."

நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதுதான் கஷ்டமான வேலை. அவள் விட்டுவிட்ட கொழுந்துகள் என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன, விரல் துடித்தது. அவளுடைய புருஷன் ஆற்றுப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தான். அவனும் செடிக்குக் கை நீட்டப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மூட்டத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் சும்மா நிற்க, அவள் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வெளிச்சம் போகவும் நிரை முடியவும் சரியாக இருந்தது.

மடுவம் பூட்டியிருந்தது. நிறுக்க ஆளில்லை. கொழுந்தைக் கூடையோடு வாசலில் வைத்துவிட்டு இறங்கினோம். மடுவத்துக்கு வரும் வழியில் கூடையைத் தூக்கித் தருகிறேன் என்று அவன் கேட்டதற்கும் அவள் சம்மதித்திருக்கவில்லை. இஸ்தோப்பில் மாமியார் மூட்டைக்குப் பக்கத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். என்ன முழு நாள் வேலை, எத்தனை கிலோ என்று கேட்க வாயெடுத்தாள். அந்த வாயில்லாப் பூச்சி குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான். "நிரைய முடிச்சிட்டா, அம்மா" என்றான். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.

பிறகு ஆறேழு வருஷம் போயிருக்கும். பீலி இருந்த இடத்தில் குழாய் வந்துவிட்டது. ஆனாலும் என் வீட்டுக்காரர் காலமான வருஷத்தில் தண்ணீர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டது, இந்தமுறை குழாயிலிருந்து. நானாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வந்து மலைக்குப் போன முதல் நாள், என் கையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனை வேகமான கை, மாத்திரையில் ஊறி, ஒரு கொழுந்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தூங்கிப் போனது. எல்லாரும் நிரையை முடித்து இறங்கிவிட்டார்கள். மூட்டம் வந்து என் காலை மூடியது. அப்படியே அதற்குள் போய்விடலாம் போல் இருந்தது.

தலையைத் தூக்கினால், நிரையின் மேல் முனையில் யாரோ நிற்கிறார்கள். அவள்தான். தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வா என்று கூப்பிடவில்லை, எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு செடி, இரண்டு செடி, பத்துச் செடி. அவள் அசையவில்லை. என் முதுகு ஒடிந்தது.

"ஏன்டி, ரெண்டு பிடி போட்டா கொறஞ்சா போயிருவ?"

"போட மாட்டேங்க்கா" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எருமை, கல்நெஞ்சுக்காரி, உனக்கெல்லாம் போய் உதவி செய்தேனே என்று திட்டினேன். அவள் சிரித்தாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது. என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து எனக்குக் கோபமே வந்திருக்கவில்லை. திட்டிக்கொண்டே அடுத்த செடிக்குப் போனேன்.