வெளியேறிய நேரம்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என் அத்தைக்கு ‘ஆறுமணி’ என்று பெயர். பத்தொன்பது வருடமும் சரியாக ஆறு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள். அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டே வீட்டில் எங்களையெல்லாம் ஒரு வழி பண்ணிவிடுவாள்.

அவளை வேலையை விட்டு நீக்கியதும் ஒரு கையெழுத்துக்காகத்தான். இஸ்திரி மேசையில் அவளுக்கு எதிரே நிற்கும் சிநேகிதிக்கு நெஞ்சுக் கோளாறு. பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். அவள் வந்து சேர்வதற்குள் அவளுக்கும் சேர்த்து அத்தையே ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நான்கு வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சிநேகிதி வரவே இல்லை. விடிகாலை நான்கு மணிக்கே வீட்டில் இறந்துபோயிருந்தாள். பதிவேட்டில் மட்டும் ஆறு மணிக்கு வேலைக்கு வந்திருந்தாள்.

மறுநாளே ‘ஒழுங்கீனம்’ என்று எழுதி அத்தையை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு விடுதியின் சலவையறையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, படிவங்களை வாசித்துச் சொல்ல என்னையும் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அலமாரிச் சாவி, மேலங்கி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்தாயிற்று. பதிவேட்டைப் புரட்டிய கிளார்க் நிமிர்ந்தார்.

“என்னக்கா, விளையாடுறீங்களா? உங்களை நிறுத்தி ஒன்பது நாளாச்சு. ஒன்பது நாளும் கையெழுத்து இருக்கு!”

“நான் எதுக்கு தம்பி வரப்போறேன்? கேட்டுல கேளுங்க.”

வாயிற்காவலரைக் கூப்பிட்டார்கள். “அக்கா வந்தா தெரியாதா சார்? ஆளுக்கு முன்னாடி குரல் வந்துடும். சத்தியமா வரலை.”

“அப்போ கடைசி நாள்னு நான் எந்தத் தேதியைப் போட? விசாரணை வச்சாதான் கடிதம். மாசக்கணக்கா ஆகும்.”

பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார். அத்தையின் பெயருக்கு நேரே, ஒன்பது நாளும் ஆறு மணி. அத்தையின் கையெழுத்துதான். ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசி எழுத்தின் வால் மேலே ஏறி, சின்ன வளையமாக முடிந்திருந்தது. அத்தையின் கையெழுத்துக்கு வால் கிடையாது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “இது அவ வளையம்,” என்றாள். நான்கு வருடம் பார்த்துப் பார்த்துப் போட்டவளுக்குத் தெரியாதா.

சலவைப் பிரிவு இரண்டு மாடிக்குக் கீழே இருக்கிறது. ஆனாலும் அந்த அறையில் அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை அடித்தது.

அத்தை பின்னால் புரட்டி அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போனாள். சிநேகிதியின் வரியில் வந்த நேரம் இருந்தது. வெளியேறிய நேரத்துக்கான கட்டம் காலி.

“வந்தாள்னு போட்டேன். போனாள்னு போடலையே,” என்றாள். “பாவி, இன்னும் இங்கேதான் நிக்கிறா.”

மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன்.

“வேணாம் அத்தை. எதுக்கு நிறுத்தினாங்களோ அதையே இவர் முன்னாடி பண்ணப்போறீங்களா? கடிதமே கிடைக்காது.”

“கிடைக்காட்டி போகட்டும். அவளை யாருடி அனுப்பி வைப்பாங்க?”

கிளார்க் தடுத்திருக்க வேண்டும். அவர் எங்கள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி எழுந்து, மூடியிருந்த ஜன்னலை மூடப் போனார்.

அத்தை அந்தக் காலிக் கட்டத்தில், வேலை முடிகிற இரண்டு மணி என்று எழுதி, வளையத்தோடு கையெழுத்துப் போட்டாள். “கிளம்பு. எனக்காக நின்னது போதும்,” என்றாள். யாரை வழியனுப்பினாலும் ‘போயிட்டு வா’ என்பவள், அன்று ‘வா’ என்று மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கிளார்க் கூப்பிட்டார். “அக்கா, இன்னைக்கு உங்க கட்டம் காலி. வந்து வாங்கிட்டுப் போங்க.” விசாரணையைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கடிதத்தில் கடைசி வேலைநாள் அந்தச் செவ்வாய்க்கிழமை என்றிருந்தது. பெற்றுக்கொண்டதற்கு அத்தை கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுத எழுத, கிளார்க்கும் நானும் கடைசி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வால் இல்லை. பேனாவை மூடி வைத்தாள்.