தூணின் சம்மதம்

சமோவாவில் மெலேசாலாவின் அண்ணன் இறந்ததும், குடும்பத்தார் அவருடைய தலைவர் பட்டத்தை அவளுக்கே கொடுத்தார்கள். ஊர்ச்சபைக் கூடத்தில் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு தூண். அதில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் பேசலாம். "பட்டம் உன்னோடதுதாம்மா, தூண் ஆம்பளைங்களோடது" என்று சபைப் பேச்சாளர் ஃபிலிபோ சிரித்தார். ஏழு வருஷமாக அந்தத் தூணில் பல்லிதான் சாய்கிறது. மெலேசாலா சபைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள்.

இன்று, பெண்கள் துணி துவைக்கும் ஊற்றை மூடிக் கார் நிறுத்த இடம் போடுவது பற்றிப் பேச்சு. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" ஃபிலிபோ தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காலித் தூணில் கண் நின்றது. "அதுவும் வாயத் திறக்கல. அப்போ ஏகமனதா முடிஞ்சுது!" சபை குலுங்கிச் சிரித்தது.

வாசலில் நின்ற மெலேசாலா உள்ளே வந்தாள். கிழங்குக் கூடையை இறக்கினாள். வழக்கம்போலத் தூணுக்கு ஒரு இலை என்று போட்டுக்கொண்டே வந்தவள், சம்மதம் சொன்ன தன் காலித் தூணுக்கும் ஒன்று போட்டுவிட்டு வெளியே போனாள்.