தவுடு பெரியம்மாவின் ஊமைப்படம்

காபிப் பழம் களத்தில் காயும்போது எழும் புளித்த வாசம் எங்கள் பண்ணைக்காட்டில் தை மாதம் முழுக்க வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். நான் மூன்றாம் வகுப்பு படித்த அப்படியொரு தை மாதத்தில்தான், பேசும் படம் வருவதற்கு முந்தைய காலத்தில் எங்கள் மலையில் எடுத்த ஒரு கிராமத்துச் சோகப் படத்தை விசாரித்துக்கொண்டு பட்டணத்துக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

அந்த ஊமைப் படத்தில் பண்ணையாரின் கொடுமையால் செத்துப்போகும் குழந்தையாக நடித்தவர் என் பெரியம்மா. கண்ணைத் திறக்காமல் இருந்தால் கருப்பட்டி தருவதாகச் சொல்லி, வாழையிலையில் கிடத்தி மாலை போட்டிருக்கிறார்கள். சத்தமே கேட்காத படத்துக்கு ஒப்பாரி எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. கூலிக்கு வந்த பெண்கள் பள்ளத்தாக்கே அதிர அழுது தீர்த்துவிட்டார்கள். மிளகு பறித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் அதைக் கேட்டு ஓடிவந்து, மாலையோடு கிடந்த மகளைப் பார்த்து மயங்கி விழுந்தாராம். பிணமாகப் பார்த்த பிள்ளை தங்காது என்ற பயத்தில், மறுநாளே பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு மகளை "வித்து"த் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பெரியம்மாவின் பெயர் "தவுடு". சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி.

அப்படியும் பெரியம்மாவுக்குப் பயம் விடவில்லை. எங்கோ ஒரு கொட்டகையில் அந்தப் படம் இன்னும் ஓடுகிறது, அங்கே தான் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பினார். லேசாகக் காய்ச்சலடித்தாலும், "எங்கிட்டோ படத்தப் போட்டுட்டாய்ங்க" என்று போர்வையை இழுத்துக்கொள்வார். சினிமாக் கொட்டகைப் பக்கமே போனதில்லை. எங்களுக்கு அது சிரிப்பு, அவருக்கோ உயிர்ப் பிரச்சினை.

வந்தவர், கடைசிப் பிரதியும் ஒரு கிடங்கில் எரிந்துபோய்விட்டது, புகைப்படமாவது கிடைக்குமா என்றுதான் வந்தேன் என்று துக்கம் விசாரிப்பவர் போலச் சொன்னார். பெரியம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் புள்ள இனிமே எங்கிட்டும் செத்துக் கெடக்காதுங்களே?"

"கெடக்காதும்மா" என்றார் அவர்.

பெரியம்மா உள்ளே போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அவருக்குப் பணியாரம் சுட்டுப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி வத்தலக்குண்டுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். கதாநாயகனின் தங்கை செத்து, கொட்டகையே மூக்கைச் சிந்தியபோது அவர் மட்டும் முறுக்கைக் கடித்தபடி, "அழுகாதீங்க, அந்தப் புள்ள எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரும்" என்று எங்களைத் தேற்றினார்.

அந்தக் கொட்டகை இன்று கல்யாண மண்டபம். தொலைந்த படங்களுக்காக வருத்தப்படுகிறவர்களோடு சேர்ந்து மரியாதைக்கு நானும் தலையாட்டுகிறேன்; ஆனால் அந்த ஒரு படம் தொலைந்ததில் எனக்கு நிம்மதிதான். பெரியம்மா பேத்திகளின் கல்யாணமெல்லாம் பார்த்து, நிறைவயதில் தன் கட்டிலில் தூக்கத்திலேயே செத்துப்போனார், ஒரே ஒரு தடவை.