அடுக்களைக்கு அடியில் இருந்த குழி

அப்போது நான் குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரே ஒரு அறை. நான், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்ததும் சொந்த வீடு வேண்டும் என்று மனைவி சொல்ல ஆரம்பித்தாள். அறுபதுகளின் தொடக்கம் அது. குத்துக்கல்வலசையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று என் முதலாளியே சொன்னார். அவருடைய மைத்துனரின் வீடு.

வீடு பார்க்கப் போன அன்று எங்கள் பக்கத்து வழக்கப்படி மண் பார்த்தோம். மனையின் வடகிழக்கு மூலையில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, வெட்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாது. எங்களுக்கு அரைக் கூடை மண் மிஞ்சியது.

"பாத்தீரா, பாறை மாதிரி மனை வே" என்றார் மைத்துனர். எனக்கும் சந்தோஷம்தான். வேறு மூலையில் வெட்டிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் அப்படி வெட்டுவதில்லை.

நாங்கள் மண் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி தெருக் கிணற்றடியில் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னாள்.

"அந்த அடுக்களை இருக்குல்லா, அங்கன முன்ன பெரிய குழி கெடந்துச்சாம். சூளைக்குச் சுக்காங்கல் தோண்டுன குழி. பெறவு சூளைச் சாம்பலையும் குப்பையையும் கொட்டி மூடிட்டாவளாம்."

சுண்ணாம்பு சுடுவதற்குத் தோண்டும் கல்லைத்தான் சுக்காங்கல் என்போம். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட குழிகள் நிறைய உண்டு.

"நீங்க அவுககிட்டக் கேளுங்க" என்றாள்.

"எப்படிக் கேக்க? முதலாளிக்கு மச்சினன்லா."

"கேட்டா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துரும்?"

நான்கு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் நாக்கு எழாது. அதிலும் பெரிய மனிதரிடம், உங்கள் வீடு குப்பைக் குழியின்மேல் நிற்கிறதா என்று கேட்பது எப்படி?

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போனேன். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். தெருவெல்லாம் சதசதவென்று கிடந்தது. ஆனால் அடுக்களைக்குப் பின்னால் மட்டும் பொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. பெய்வதெல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அடுக்களைச் சுவரில் புதிதாக வெள்ளையடித்த ஒரு கோடு. விரல் வைத்துத் தடவினேன். வெள்ளைக்குக் கீழே வெடிப்பு இருந்தது.

வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்து, மைத்துனரிடம் போய், "மேக்கு வாசல் என் ராசிக்கு ஆகாதுன்னு சோசியர் சொல்லுதாரு" என்றேன். நான் கடக ராசி. நான் எந்த ஜோசியரையும் பார்க்கவில்லை. மைத்துனர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. ராசி என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். நல்லவேளை, யார் மனமும் நோகாமல் முடிந்தது என்று நிம்மதியாகத் திரும்பினேன்.

இரண்டு மாதத்தில் அந்த வீட்டைப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வாங்கினார். பங்களாவுக்கு வந்துபோகிறவர், பழக்கமானவர். பட்டாளத்து அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பால் காய்ச்சும் அன்று என்னையும் அழைத்திருந்தார். எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்.

"இவரு ராசிக்கு ஆகாத வாசல் என் ராசிக்கு ஆயிட்டு. நான் கும்பம்லா. இவரு குழி வெட்டி மண்ணு பாத்து, எல்லாம் சரின்னு ஆன பெறவு வாசலுக்காகத்தான் விட்டாராம். மச்சினரு சொன்னாரு. அதனால நான் மறுபடி வெட்டவே இல்ல."

கையில் காப்பி இருந்தது. குடித்தேன். அடுக்களையில் அவர் மனைவி பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் இத்தனை பேர் சாப்பிடும் நேரத்தில் சொல்லலாமா என்று விட்டுவிட்டேன். தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். தனியாக எத்தனையோ முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மனைவி கேட்டாள், நான் சொல்லிவிட்டேன் என்றேன்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தென்காசியில் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நேராகக் குத்துக்கல்வலசைக்குப் போனேன். அண்ணாச்சி வாசலில் நின்று உடைந்த பாட்டில்களை ஒரு சட்டியில் போட்டு நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெருச்சாளி. அடுக்களைத் தரை அங்கங்க பள்ளம் விழுது. பட்டாளத்துக்காரன் வீட்லயே சுரங்கம் வெட்டுதுவே" என்று சிரித்தார்.

"பள்ளத்துல கண்ணாடியப் போட்டா வராதுல்லா" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி.

"பெருச்சாளி இல்ல அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சுக்காங்கல், சாம்பல், சுவரின் வெடிப்பு, தண்ணீர் தேங்காத இடம், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"இது உமக்கு எப்பம் தெரியும்?"

"நீங்க வாங்கதுக்கு முன்னாலயே."

அவர் கத்தவில்லை. உள்ளே போய், அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்கச் சொல்லி, மனைவியையும் மகளையும் முன்னறைக்கு அனுப்பினார். கடப்பாரையை எடுத்து வந்து அம்மிக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். அது எதிலும் தட்டாமல் பிடித்த கை வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது முனையில் ஈரச் சாம்பல் ஒட்டியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உம்ம பிள்ளைங்க இங்கன இருக்கப்பிடாதுன்னுதான விட்டீரு?"

"ஆமா" என்றேன்.

அவர் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். அந்தப் பகல் முழுக்க நான் தரையைக் குத்திக் குத்திக் குழியின் விளிம்பைத் தேடினேன். இறுகிய மண் தட்டுப்பட்ட இடங்களில் அவர் கோலப்பொடி தூவினார். கோடு அடுக்களையைச் சுற்றி, மகள் படுக்கும் அறையின் பாதி வரைக்கும் போனது.

மழை விட்டதும், தானாக விழுவதற்கு முன்னால், அடுக்களை, மகளின் அறை இரண்டையும் அவரே ஆள் வைத்து இடித்தார். ஓடு இறக்க நானும் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாரும் என்றும் சொல்லவில்லை. முன்பக்கத்தில் ஓலைச் சாய்ப்பு இறக்கி அங்கே சமைத்தார்கள். வீட்டை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இருவரையும் அவர் முதலில் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், குழி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நடந்து காட்டினாராம். இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். அவர் அந்த அரை வீட்டிலேயே இருந்தார்.