செங்கேணிக்குத் தராத சான்றிதழ்

செங்கேணிக்கு வாத்தியார் பரீட்சையில் தேர்ச்சி கொடுக்காதது அநியாயம். அவள் செத்துப்போனதால் அந்த அநியாயம் தீர்ந்துவிடவில்லை. அவளை அறிந்த பாகூர்க்காரர்களும் செலியமேட்டுக்காரர்களும் முதலில் இதை ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

சேதி மீன்கூடையோடு வந்தது. குப்பத்திலிருந்து விற்க வரும் அம்மாள் கூடையை இறக்காமலே, "நம்ம செங்கேணி ஜுரத்துல பூட்டா" என்றாள்.

செங்கேணி அந்தக் குப்பத்துப் பெண். வாத்தியார் வேலைக்குப் படிக்க வந்து எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தாள். என் கடைசி மகள் அலமேலு யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். கேட்டதையே திருப்பிச் சொல்வாள். தெருவில் அவளுக்குப் பெயர் கிளி. பள்ளிக்கூடம் அவளை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது.

ஒரு மத்தியானம் செங்கேணி வறுத்த மீனைக் காட்டி, "மீன் வேணுமா?" என்று கேட்டாள். "மீன் வேணுமா" என்றாள் அலமேலு. கையில் வைத்ததும் தின்றாள். பிறகு செங்கேணி கத்திரிக்காயைக் காட்டிக் கேட்டாள். அலமேலு வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா பெரியப்பா, வேணும்னாத்தான் திருப்பிச் சொல்லுது. அது கேலி இல்லபா, ஆமாங்குது."

பெற்ற எங்களுக்கு அதுவரை அது தெரியாது. அன்று முதல் என் கரும்பாலைக் கொட்டகையில் அலமேலுவுக்குப் பாடம் நடந்தது. வெல்ல அச்சுகளை வரிசையாக வைத்து எண்ணக் கற்றுக்கொடுத்தாள். இதெல்லாம் எந்த வாத்தியார் படிப்பில் வருகிறது என்று கேட்டேன். "நான் படிக்கிற புஸ்தகமே இவதான்" என்று சிரித்தாள்.

பரீட்சையன்று, அலமேலுவைத் திருப்பி அனுப்பிய அதே பள்ளிக்கூடத்தில், அதிகாரியின் முன் செங்கேணி ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அலமேலுவையும் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அவளை வீட்டிலேயே விட்டுவிடும்படி அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் சொல்லிப் பார்த்தார். "புள்ளய ஒளிச்சு வச்சிட்டு நான் இன்னா வாத்தியாரு?" என்று கேட்டு, அவளை முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

அதிகாரி அலமேலுவிடம், "உனக்குப் படிக்கப் பிடிக்குமா?" என்றார்.

"உனக்குப் படிக்கப் பிடிக்குமா" என்றாள் என் மகள்.

வகுப்பே சிரித்தது. அவள் ஆமாம் என்கிறாள் என்று செங்கேணி விளக்கினாள். பிள்ளைக்கு மரியாதை கற்றுத்தரத் தெரியாதவள் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். அதைக் காட்டியே அடுத்த வருஷம் செங்கேணியைப் பரீட்சைக்கு விடவில்லை. சாகும்வரை கொட்டகையில்தான் சொல்லிக்கொடுத்தாள்.

சேதி வந்த அன்று எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது. அலமேலுவிடம், "செங்கேணி அக்காவப் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"செங்கேணி அக்காவப் பாக்கணுமா" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. அதிகாரி தாம் எழுதியதை அடித்து, சான்றிதழைச் செங்கேணியைப் பெற்றவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தலைமை வாத்தியார் அலமேலுவுக்கு முன்வரிசையில் இடம் விட வேண்டும். தெருக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். செங்கேணி விட்டுப்போன பாடத்தைக் கொட்டகையில் நான் நடத்த வேண்டும்; என்னால் கொடுக்க முடியாததை என் மகளிடம் வேண்டுமா என்று இனி நான் கேட்கக் கூடாது.