ரோமக் கோட்டுக்காரி

தென் கொரியாவின் பூசான் நகரத்தில், பத்தொன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் கழிவறைகளைப் பதினோரு வருடமாகக் கழுவி வந்தவள் பில்ரே. பக்கவாதத்தில் விழுந்த புருஷனோடு அரசு வாடகைக் குடியிருப்பில் இருந்தாள். வார்டு அலுவலக உதவித்தொகையும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். அவளிடம் இருந்த ஒரே உயர்ந்த பொருள், முழங்கால் வரை வரும், மிருகத் தோலில் தைத்த ஒரு ரோமக் கோட்டு. பதினான்காம் மாடிப் பல் மருத்துவர், செத்துப்போன தன் தாயின் துணிமணிகளை மூட்டை கட்டித் தள்ளியபோது, "வேணும்னா எடுத்துக்கங்க" என்று கொடுத்தது. அந்தக் கிழவி உயிரோடு இருந்தபோது, கோட்டைப் பார்த்தே திமிர் பிடித்தவள் என்று பில்ரேயும் நினைத்ததுண்டு.

எலும்பு வரை குளிர் இறங்கும் நாட்களில் மட்டும் அதைப் போட்டுக்கொள்வாள். அப்படி ஒரு நாளில் மீன் சந்தைக்குப் போனாள். அங்கே கடை வைத்திருந்த தங்கை மால்சுன், விரலெல்லாம் வெடித்திருக்க, வெறுங்கையால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக் குடுத்த கையுறை எங்கடி? அதையும் மீனோட சேத்து வித்துட்டியா?"

மால்சுன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எதிர்வரிசையில் ஒருவன் கேமராவோடு நின்றதை இருவருமே பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, சுரங்கப்பாதைச் சுவரில் வைத்த புகைப்படக் கண்காட்சியில் அவன் எடுத்த படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. ரோமக் கோட்டுக்காரி ஒருத்தி விரல் நீட்டி அதட்டுகிறாள். ஈரக் கையோடு குந்தியிருக்கும் மீன்காரி தலை குனிந்திருக்கிறாள். கீழே 'பேரம்' என்று ஒரே சொல்.

குடியிருப்பில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, பில்ரே வசதியை மறைத்து உதவித்தொகை வாங்குகிறாள் என்று வார்டு அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். விசாரிக்க வந்த இளம்பெண் செல்போனில் படத்தைக் காட்டிய பிறகுதான் பில்ரேக்கே விஷயம் தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா, புகார் வந்தா பாத்துத்தான் ஆகணும். அந்த அலமாரியக் கொஞ்சம் திறங்க."

திறந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு துப்புரவுச் சீருடைகள் தொங்கின. கட்டிலில் கிடந்த புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கோட்டு தான் கொடுத்தது என்று பல் மருத்துவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். புகார் முடிந்தது. பில்ரேக்கு மனசு ஆறவில்லை. படம் எடுத்த கியூஹோவைத் தேடிப் போனாள்.

"அவ என் கூடப் பொறந்தவ, தம்பி. மூணு மாடி வீட்டுக்காரி. நான் அவகிட்ட என்னத்தப் பேரம் பேசினேன்?"

கியூஹோவுக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சிருங்கம்மா. ஏழைங்கள ஜனங்க எப்படி நடத்துறாங்கன்னு காட்டத்தான்..."

"நல்லாக் காட்டிட்டீங்க."

உண்மையை எழுதிப் படத்தின் கீழே ஒட்டுவதாகச் சொன்னான். ஒட்டவும் செய்தான். கழிவறை கழுவும் பெண், தானமாக வந்த கோட்டு, கண்டிப்பது சொந்தத் தங்கையை என்று எல்லாம் இருந்தது. இரண்டு நாள் கழித்து, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பின்னால் பில்ரே போய் நின்றாள்.

"ஐயோ பாவம்" என்றாள் ஒருத்தி.

"என்ன பாவம்? கக்கூஸ் கழுவுறவளுக்கு இந்தக் கோட்டு கேக்குதா?" என்றாள் கூட வந்தவள்.

அங்கிருந்தே கியூஹோவுக்குப் போன் செய்தாள். "அதைக் கழட்டிருங்க."

"இப்பத்தான் உண்மைய எழுதியாச்சே, அம்மா?"

"பணக்காரின்னு திட்டினப்போ அது நான் இல்லன்னு இருந்துட்டேன். இப்ப பேசுறது என்னையத்தான்."

அன்று மாலையே படம் இறங்கியது.

"எனக்குக் குடுக்கா அந்தக் கோட்ட. மீன் நாத்தத்தோட போட்டுக்கிட்டு உக்காருறேன், எவன் கேக்குறான் பாப்போம்" என்றாள் மால்சுன். பில்ரேக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டை மடித்துத் தங்கையின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். குளிர்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்பாள். எதிரே யாராவது செல்போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.