நைனா கன்னத்துல போட்ட கோடு

எங்க நைனாவுக்கு வாயில கேன்சர்னு ஊருல எல்லாருக்கும் தெரியும். மாவு மிஷின்காரருக்குத் தெரியும். கிரிவலம் வர்றவங்களுக்கு மோர் விக்கிற பொம்பளைக்குத் தெரியும். எங்க வீட்டு மாட்டுக்குக்கூட அரசல் புரசலாத் தெரிஞ்சிருக்கும். தெரியாத ஒரே ஆள் நைனாதான். அவருக்கு வந்திருக்கிறது பல்லுக் கட்டின்னு நாங்க குடும்பமாக் கூடி முடிவு பண்ணியிருந்தோம்.

முடிவு பண்ணது அத்தை, நைனாவோட அக்கா. எங்கம்மா போனப்புறம் எங்க அடி அண்ணாமலை வீட்டுல அவ வச்சதுதான் சட்டம். "பேரைச் சொன்னா அன்னைக்கே உசுரை வுட்டுடுவான். ஆம்பளைங்களுக்குத் தைரியம் கம்மி. வைத்தியத்துக்கே வர மாட்டேன்னுடுவான்டி"ன்னு கண்ணைக் கசக்கினா. இதை மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். அந்த பயம் எனக்கும் இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் என்கிட்ட சொல்லியிருந்தாரு. எப்படியாவது வைத்தியம் முழுசா முடியணும். எங்களுக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

அதுக்காக எங்க சொந்தக்காரங்க பண்ண ஒத்தாசை கொஞ்சநஞ்சமில்ல. வாயைத் திறக்க முடியாத மனுசனுக்கு முறுக்கு வாங்கிட்டு வந்த மகராசன் உண்டு. புண்ணு வாயிக்கு எலுமிச்சங்கா ஊறுகா கொண்டாந்த புண்ணியவதியும் உண்டு. "பல்லுக் கட்டிதானே, நாலு நாள்ல சரியாப் பூடும்"னு சிரிச்சிக்கினே சொல்லிட்டு, வாசலுக்கு வந்ததும் முந்தானையை வாயில அழுத்திக்கினு தேம்புவாங்க. பல்லுக் கட்டிக்கு இப்படி அழுவுற ஊரு வேற எங்கயாவது இருக்குமான்னு எனக்குத் தெரியல. நைனா உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருப்பாரு.

எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சவ நான்தான்னு என்னை அவர் கூட மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. எண்பதுகளோட ஆரம்பம் அது. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் கரண்ட் வைப்பாங்க, ரேடியேஷனுக்கு எங்க ஊருல அதுதான் பேரு. சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வந்துடுவோம். கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி நைனாவோட கன்னத்துலயும் கழுத்துலயும் வயலட் மையால கோடு போட்டாங்க. தையக்காரரு துணியை வெட்டுறதுக்கு முன்னாடி போடுவாரே, அந்த மாதிரி. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இந்தக் கோட்டுக்குள்ளதான் கரண்ட் விழணும். அழிஞ்சா இடம் மாறிடும். தண்ணி, சோப்பு, எண்ணெய் எதுவும் படக் கூடாது, ஷேவ் பண்ணக் கூடாது"ன்னாரு. எதுவா இருந்தாலும் தனியாத்தான் சொல்லணும்னு டாக்டர் கிட்ட நாங்கதான் கும்பிட்டுக் கேட்டிருந்தோம்.

ஊருக்கு வந்து அத்தை கிட்ட சொன்னேன். "தண்ணி படக் கூடாதாம் அத்தை. ஏன்னு நைனா கேட்டா என்ன சொல்றது?"

"சளி பிடிச்சிக்கும்னு சொல்லு."

சொன்னேன். நைனா சரின்னாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது எங்க வீட்டுல அவ்வளவு சுளுவா நடந்துச்சு. அத்தைக்கு ஒரே பெருமை.

அந்த வருசம் கார்த்திகை தீபம் ஞாயித்துக்கிழமையில வந்துச்சு. மலைமேல தீபம் ஏத்துற அன்னைக்கு எங்க ஊருல ஒவ்வொரு வீடும் சத்திரம்தான். சித்தப்பா, பெரியப்பா, அவங்க சம்பந்தி, சம்பந்தியோட சம்பந்தின்னு கால் வைக்க இடமில்ல. நான் காய்கறியும் அகலும் வாங்க டவுனுக்குப் போனேன். அந்தக் கூட்டத்துல இடிபட்டு மிதிபட்டு வீட்டுக்குத் திரும்புறதுக்குள்ள பாதி அகல் உடைஞ்சிருந்துச்சு.

உள்ள வந்து பாத்தா, நைனா கட்டில்ல உக்காந்திருக்காரு. தலை ஈரம். நெத்தி நெறைய விபூதி. மூஞ்சி, புளி போட்டு வெளக்கின சொம்பு மாதிரி பளபளன்னு இருக்குது. கோட்டைக் காணோம். கன்னம் செவசெவன்னு செவந்து கிடக்குது.

"அய்யய்யோ! யாரு இவருக்குத் தண்ணி ஊத்தினது?"

"நான்தான்டி"ன்னு அடுப்பங்கரையிலேருந்து அத்தை வந்தா. "தீபத்தன்னைக்குத் தலை முழுகாத வீட்டுல வெளக்கு ஏத்தறதா? இத்தினி பேரு வர்ற எடத்துல மூஞ்சி பூராக் கோடும் தாடியுமா உக்காந்திருப்பானா எந்தம்பி? சளிதானே பிடிக்கும்? நொச்சித் தழை போட்டு வெந்நி வச்சேன். நான் என்ன கூறு கெட்டவளா? அந்த மை லேசுல போவல. சீக்கா போட்டு நார்ல தேச்சி எடுத்தேன்."

தானே கட்டின பொய்யைத் தானே நம்பி, அதுக்குக் கைவைத்தியமும் பாத்த ஒரே ஆளு எங்க அத்தையாத்தான் இருக்கும்.

கத்தணும். ஆனா எதுக்குக் கத்தறேன்னு சொல்லக் கூடாது. வீடு நெறைய இருக்கிற அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். அத்தனை பேரும் கூரையில என்னமோ தேடிக்கினு இருந்தாங்க. "வுடு பாப்பா, அக்கா ஆசையாக் குளிப்பாட்டிச்சு. எரியுது, அவ்ளோதான்"னாரு நைனா. அத்தை என் மூஞ்சியைப் பாத்தா. அப்பத்தான் அவளுக்கு வெளங்கிச்சு. மூலைக்கு இழுத்துக்கினு போயி, "நாமளே போட்டுடலாமாடி?"ன்னா. ஒரு சித்தப்பா சட்டைப்பையிலேருந்து இங்க் பேனாவை எடுத்து மூடியைக்கூடக் கழட்டிட்டாரு. காதுக்குக் கீழே ஆரம்பிச்சுதுன்னாரு அவரு. இல்ல, தாடையிலன்னாரு பெரியப்பா. எல்லாருமே பெரிய டாக்டருங்க. பேனாவைப் பிடுங்கி வச்சேன். அன்னைக்கு மலைமேல தீபம் தெரிஞ்சப்போ எல்லாரும் கும்பிட்டாங்க, எனக்குக் கை கூப்பக்கூடத் தோணல.

மறுநாள் ஆஸ்பத்திரியில நைனாவோட மூஞ்சியைப் பாத்ததும் டாக்டருக்கு வந்த கோவத்துல, தனியாக் கூப்பிட்டுச் சொல்ற ஏற்பாடெல்லாம் மறந்து போச்சு.

"யாரு பெரியவரே அழிச்சது? கேன்சர்னா உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா?"

போச்சு. நான் தரையைப் பாத்தேன். இப்ப எழுந்து வெளிய போயிடுவாரு, பஸ் ஏறிடுவாரு, இத்தோட முடிஞ்சுதுன்னே நெனச்சேன். நைனா எழுந்திரிக்கல. என்னைப் பாத்தாரு, டாக்டரைப் பாத்தாரு. தோள்ல இருந்த துண்டை எடுத்து மடியில போட்டுக்கினு கழுத்தை நீட்டிக் காட்டினாரு.

"திரும்பப் போடுங்க ஐயா. இது எதுக்குன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க அக்காவைக் கிட்டவே அண்ட விட்டிருக்க மாட்டேன்."

தைரியம் கம்மியான ஆம்பளை! தோலு ஆறட்டும்னு கொஞ்ச நாள் காக்க வச்சி, திரும்ப அளவெடுத்து, புதுசாக் கோடு போட்டாங்க. அப்புறம் ஒரு நாளும் தவறாம முழு வைத்தியத்தையும் முடிச்சாரு. அதுக்கப்புறம் சில வருசம் இருந்து, இழுத்துப் பேசுற பேச்சோட பயிரும் வச்சாரு.

ஆனா அன்னைக்கு டாக்டர் ரூமை விட்டு வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தோம் பாருங்க, அப்பக் கேட்டாரு:

"நான் பொழைப்பனா பாப்பா?"

பல்லுக் கட்டிக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தாங்க. இதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.

"தெரியல நைனா. முழுசா முடிச்சா பொழைக்கலாம்னு சொன்னாரு"ன்னேன். அதுக்கு மேல முடியல, ஓன்னு அழுதுட்டேன்.

அவரு என் முதுகைத் தடவிக் குடுத்தாரு.

"எனக்கு ரொம்ப நாளா பயமா இருந்துச்சும்மா"ன்னாரு. "ஒரு பல்லுக் கட்டிக்குப் போயி இப்படி பயப்படறமேன்னு வெக்கப்பட்டுக்கினு, யாரு கிட்டயும் சொல்லல."